அதில்

பிப்ரவரி. தண்டர் பே. மைனஸ் இருபத்தெட்டு.
எஞ்சின் உறையாதிருக்கக் காருக்கு வயர் செருகிவிட்டு
உள்ளே வந்தேன்.
சமையல் மேசையில் மடிக்கணினி, ஆறிய காபி,
நாற்பத்திரண்டு விண்ணப்பங்கள்.

படித்த கல்லூரி கேட்டிருந்தது:
பழைய மாணவர்களே, ஆண்டுக்குச் சில இரவுகள் தாருங்கள்.
பணம்தான் கேட்கிறார்கள் என்று
அஞ்சலைத் திறக்காமலே ஒரு வாரம் வைத்திருந்தேன்.

பெயர் இல்லை. ஊர் இல்லை.
அவர்களுக்கு ஓர் எண்.
ஒன்று முதல் ஐந்து வரை என்னிடம்.

சிறுவயதிலிருந்தே லெகோ, என்கிறது முதலாவது.
சிறுவயதிலிருந்தே லெகோ, என்கிறது நான்காவதும்.
ஒன்பதாவது ஒரு ரோபோ செய்திருக்கிறது,
அப்பாவின் தொழிற்சாலையில், அப்பாவின் ஆட்களோடு.
உலகை மாற்றப்போகிறவர்கள் பதினொரு பேர்.
மாற்றட்டும்.
மூன்று. மூன்று. நான்கு. மூன்று.
ஒவ்வொரு எண்ணுக்கும்
சுண்டுவிரல் இரும்பு மோதிரம் மேசையில் டிக் என்கிறது.
பட்டம் வாங்கிய ஆண்டு போட்டது.
கர்வம் வந்தால் உறுத்தும் என்றார்கள்.
இப்போது வழவழவென்று இருக்கிறது.

பிறகு 3117.
பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள்?

"எதுவும் செய்யவில்லை.
நாலு மணியிலிருந்து ஒன்பதுவரை தம்பியோடு இருப்பேன்.
மின்விசிறிச் சத்தம் கேட்டால்தான் தூங்குவான்,
குளிர்காலத்திலும். நின்றால் அலறுவான்.
ஆறு தடவை சரிசெய்தேன். எண்ணெய் விட்டு, தூசி துடைத்து,
ஒரு தடவை ஓங்கி அடித்து.
ஏழாவது தடவைதான் ஏன் நிற்கிறது என்று யோசித்தேன்.
கையால் சுழற்றிவிட்டால் ஓடுகிறது.
தானாகக் கிளம்ப மாட்டேன் என்கிறது.
அப்படியென்றால் மோட்டார் சாகவில்லை.
கெபாசிட்டரைக் கழற்றிப் பார்த்தேன். அதில்"

அவ்வளவுதான்.
ஐந்நூறு எழுத்து நிறைந்ததும் பெட்டி மூடிக்கொண்டது.

அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.
அந்தப் பிள்ளை என்ன கண்டது என்று தெரியவில்லை.
கேட்கக் கூடாது, விதி.
ஐந்து போட்டேன். டிக்.

ஒவ்வொன்றையும் இரண்டு பேர் படிப்பார்கள்.
மற்றவர் போட்டது இரண்டு.
இவ்வளவு தூரம் விலகினால் பேசித் தீர்க்க வேண்டும்.
ஞாயிறு இரவு மாங்க்டனிலிருந்து டெல்ஃபின் திபோடோ,
ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர்.

"பாதியில் நிற்கிற பாலத்தை நான் திறந்துவைப்பேனா?"
"நான் பம்ப் வேலை பார்ப்பவள்," என்றேன்.
"குழாய் சுவரோடு முடியும். தண்ணீர் முடியாது."
சொன்ன பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது.
அவர் சிரிக்கவில்லை.
"எழுத்தை எண்ணத் தெரியாதவர்
நாளைக்குச் சுமையை எண்ணுவாரா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை.
இப்போதும் இல்லை.

பனி வாரும் வண்டி தெருவைக் கடக்கும்வரை
இரண்டு பக்கமும் மௌனம்.
பிறகு டெல்ஃபின், வேறு குரலில்:
"அதில் என்ன இருந்திருக்கும்?"
"வீங்கியிருக்கும்."
"இல்லை. ஒழுகியிருக்கும். பழைய விசிறி."
"பழையது என்று எங்கே எழுதியிருக்கிறது?"
"ஆறு தடவை சரிசெய்தது புதிதாகவா இருக்கும்!"
பார்த்திராத ஒரு விசிறிக்காக
இருபது நிமிடம் சண்டை போட்டோம்.
நான்கு என்று எழுதினோம்.

அந்த நான்கு எங்கே போனது,
யாருக்குக் கதவு திறந்தது, சொல்ல மாட்டார்கள்.
ஜூனில் ஒரு நன்றிக் கடிதம்,
கல்லூரிப் புத்தகக் கடையில் பத்து சதவீதத் தள்ளுபடி.

நேற்று என் கீழ்த்தள விசிறி முனகி நின்றது.
குப்பையில் போட எடுத்துப் போனவள்
பாதிப் படியில் உட்கார்ந்து
கையால் ஒரு சுற்றுச் சுற்றினேன்.
பிறகு திருப்புளி.
டெல்ஃபினுக்குப் படம் அனுப்பினேன்.
ஒழுகியிருந்தது.
"சொன்னேனே" என்று உடனே பதில்.

பதினொரு மணிக்கு இன்னொன்று,
அவர் ஊரில் நள்ளிரவு:
"அந்தத் தம்பி அன்றைக்குத் தூங்கினானா?"